பிறந்தநாள் சாப்பாடு வருகிறது, சம்பளம் வரவில்லை

கேள்வி: குழந்தைகளுக்கான மனநல ஆலோசனை மையத்தை அறக்கட்டளையாக நடத்துகிறோம். பிறந்தநாள் சாப்பாடு, நோட்டுப் புத்தகம் என்றால் உடனே தருகிறார்கள். ஆலோசகர் சம்பளத்துக்குக் கேட்டால், ‘நிர்வாகச் செலவுக்குக் கொடுப்பதில்லை’ என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் இப்படியொரு மையத்தில் 11 வருடமாகப் பொருளாளராக இருக்கிறேன், அம்மா. எங்கள் அலமாரியில் நன்கொடையாக வந்த கரடி பொம்மைகள் மட்டும் 23 கிடக்கின்றன. தேவைப்படுவது இரண்டு.

கண் சிகிச்சை முகாம் என்றால் லென்ஸ் வாங்கிய பில்லைக் காட்டலாம். நம் வேலையில் வாங்க என்ன இருக்கிறது? ஒருவர் ஐம்பது நிமிடம் உட்கார்ந்து குழந்தை சொல்வதைக் கேட்கிறார். அவர் சம்பளத்தை நாமே ‘நிர்வாகம்’ என்ற தலைப்பில் எழுதிவிட்டு நன்கொடையாளரைக் குறை சொல்லக்கூடாது. அதை முதலில் மாற்றுங்கள்.

எங்கள் கணக்கு இது: இரண்டு ஆலோசகர்களுக்கு 44,000, மாதம் இருமுறை வரும் மருத்துவருக்கு 6,000, வாடகை 11,000, கரண்ட், போன், டீ எல்லாம் 5,000. மொத்தம் 66,000 ரூபாய். மாதம் 110 அமர்வுகள். ஆக, ஒரு அமர்வுக்கு 600. இதை ஒரு தாளில் எழுதி ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். “ஒரு பையனுக்கு எத்தனை தடவை?” என்றார். பத்து என்றேன். “சரி, நாலு பையனுக்கு எழுதிக்குங்க” என்று 24,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார்.

அப்புறம் அந்த நாலு பேரையும் பார்க்க வேண்டும், போட்டோ வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். மனிதர் முகம் சுருங்கியது. அடுத்த வருடமும் கொடுத்தார்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் வந்தால் வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி ஆள் எடுக்காதீர்கள். எங்களுக்கு ஒரு கம்பெனி ஒரே வருடத்தில் நிறுத்திக்கொண்டது. ஆலோசகரை அனுப்ப வேண்டியதாயிற்று. ஏழு குழந்தைகள் வேறொருவரிடம் முதலிலிருந்து பேச வேண்டி வந்தது. அதில் இரண்டு பேர் வரவே இல்லை.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பான் எண்ணையும் அப்போதே வாங்குங்கள். நன்கொடையாளர் பட்டியலை மே 31க்குள் வருமான வரித்துறைக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய். நான் ஒருமுறை ஒன்பது நாள் தாமதித்து, 1,800 ரூபாயை என் பென்ஷனிலிருந்து கட்டினேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.