கொழுந்துச் சீட்டின் பின்பக்கம் உங்கள் மகள் வரைந்த படம்

அம்மா, வணக்கம். போன வாரம் கோத்தகிரியிலிருந்து மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்து, "நீட் மறுபடி எழுத வைக்கலாமா சார்? இவ சினைப்பை, ஹார்மோன்னு அதையே படிச்சிட்டிருக்கா" என்று கேட்டீர்கள். அன்று அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை.

நீங்கள் வெளியே போன் பேசப் போனபோது, அவள் தேயிலைக் கொழுந்து எடைச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டாள். சினைப்பையில் முட்டையைச் சுற்றியிருக்கும் இரண்டு வகை செல்கள் அவை. வெளிவட்டம் தீக்கா செல், அது தோட்டமாம். உள்வட்டம் கிரானுலோசா செல், அது பேக்டரியாம். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.எச். என்ற ஹார்மோன் வந்து சொன்னதும் தீக்கா, கொலஸ்ட்ராலிலிருந்து ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைத் தயாரிக்கிறது. அது சுவரைத் தாண்டி உள்ளே போகிறது. அங்கே பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.எச். தூண்டுவதால் அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. "தோட்டத்துல மெஷின் இல்ல, பேக்டரில கொழுந்து இல்ல. ரெண்டும் சேர்ந்தாதான் சார் டீத்தூள்" என்றாள்.

தீக்கா அளவுக்கு மீறி வேலை செய்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தாள். அப்புறம், "ஆண்ட்ரோஜன் தேங்கிடும். சினைப்பையில நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கு முகத்துல முடி வர்றது அதனாலயா?" என்றாள். ஆமாம் அம்மா, பெரும்பாலும் அதனால்தான். ரத்தத்தில் இன்சுலின் கூடினாலும் தீக்கா அப்படித்தான் தூண்டப்படும். மனப்பாடம் செய்தவள் இந்தக் கேள்விக்கு வர மாட்டாள். வெட்கப்பட இதில் எதுவுமில்லை.

அதனால் இன்னொரு வருடத்தை நீட்டுக்காக மட்டும் ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். பசுவின் சினைப்பையிலும் இதே இரண்டு செல்களின் கதைதான். மாடு சினை பிடிக்காமல் தவிக்கும் வீடுகள் நம் மலையில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆட்டு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

அது கிடைக்காவிட்டால் விலங்கியல் இளங்கலை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலேயே சேரலாம், ஹாஸ்டல் செலவும் மிச்சம். பிறகு கருவியல் முதுகலை படித்தால், குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களின் ஆய்வகத்தில் வேலை. இதில் ஒரு எச்சரிக்கை. ஆறு மாதச் சான்றிதழ் போதும் என்று பணம் வாங்கும் இடங்கள் உண்டு. என்னிடம் வந்த ஒரு பெண் அப்படிக் கட்டி ஏமாந்தாள். குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021 சட்டத்துக்குப் பிறகு கருவியலாளருக்கு முறையான தகுதி வேண்டும். சேரும் முன் பல்கலைக்கழக அங்கீகாரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அவள் அப்பாவையும் கூட்டி வாருங்கள். அந்தச் சீட்டு என் மேசையில்தான் இருக்கிறது. அவரிடம் அவளே விளக்கட்டும்.