கமிஷன் வேலைக்கு மாறுகிறேன்... வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: மதுரையில் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வருவது 27,000 ரூபாய். ஆயுள் காப்பீட்டு முகவர் தேர்வில் தேறிவிட்டேன். வேலையை விட்டு முழுநேரமாக இறங்க ஆசை. மனைவி, 5 வயது மகள். வாடகை, மளிகை, பைக் இஎம்ஐ எல்லாம் சேர்த்து மாதம் 22,500 ஆகிறது. 60,000 ரூபாய் சீட்டு ஒன்றில் மாதம் 3,000 கட்டுகிறேன். இன்னும் 5 தவணை பாக்கி, சீட்டை எடுக்கவில்லை. வங்கியில் 1,10,000 இருக்கிறது. கமிஷன் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது என்கிறார்களே?

பதில்: இப்போதே வேலையை விடாதீர்கள். சீட்டு முடியும்வரை மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் முகவர் வேலையைப் பாருங்கள். வெளிவேலை பார்க்கக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

ஐந்து மாதம் ஏன் என்றால், உங்கள் 22,500 முழுக் கணக்கு அல்ல. பெட்ரோல், போன், ஜெராக்ஸ், வாடிக்கையாளரோடு குடிக்கும் டீ என மாதம் 3,500 கூடுதலாகப் போகும். ஆக 26,000, ஆறு மாதத்துக்கு 1,56,000 கையில் வேண்டும். சீட்டை ஏலத்தில் தள்ளுபடிக்கு எடுக்காமல் கடைசிவரை விட்டுவைத்தால், சீட்டு நடத்துபவரின் 5% கமிஷன் போக 57,000 வரும். இருப்போடு சேர்த்தால் 1,67,000. அன்றைக்கு ராஜினாமா கடிதம் கொடுக்கலாம்.

கமிஷன் வந்து விழ ஒரு தனி சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். இந்த ஆறு மாதப் பணமும் அதிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அதிலிருந்து வீட்டுக் கணக்குக்கு 22,500 மட்டும் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். அதுதான் உங்கள் சம்பளம். மார்ச்சில் 70,000 வந்தாலும் 22,500, ஆடியில் 6,000 வந்தாலும் 22,500. வருமான வரிக்காகப் பாலிசி எடுப்பவர்களால் ஜனவரி முதல் மார்ச் வரை வேலை சூடாக இருக்கும். ஏப்ரலில் சட்டென்று தணியும், ஜூனில் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கும். மார்ச் வருமானத்தை நம்பி கார் இஎம்ஐ போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உங்கள் சம்பளத்தை எப்போது உயர்த்தலாம்? கடந்த 12 மாதத்தில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரி, செலவு போக, புதிய தொகையைத் தொட்டால் உயர்த்துங்கள். அதுவரை வேண்டாம்.

முதல் மூன்று மாத வருமானத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாமா, சித்தப்பா, பழைய ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் அந்த மூன்று மாதத்தில் பாலிசி எடுத்துவிடுவார்கள். தெரியாதவர் வீட்டுப் படியேறும் நான்காவது மாதத்தில்தான் உண்மையான வருமானம் தெரியும். ஆண்டுக்கு 30,000 பிரீமியம் உள்ள பாலிசிக்கு முதல் வருடம் 25% கமிஷன் என்றால் 7,500 கிடைக்கும். அடுத்த வருடங்களில் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்துவிடும். பாலிசி கையில் கிடைத்த 30 நாளுக்குள் வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் அந்த 7,500ஐயும் பிடித்துக்கொள்வார்கள். எனவே ஒரு மாதம் கழியாத கமிஷனை உங்கள் பணமாக எண்ண வேண்டாம்.

“முதல் பிரீமியத்தை நீங்களே போட்டுக்கோங்க சார், பாலிசி எடுக்கிறேன்” என்று கட்டாயம் ஒருவராவது கேட்பார். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும். சட்டத்தை விடுங்கள், கணக்கும் கட்டாது: சொந்தக் காசு போடாதவர் அடுத்த தவணையையும் கட்டமாட்டார், பாலிசி காலாவதியாகும். மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்று மனைவி, மகள் பெயரில் பாலிசி போடுவதும் இதே குழிதான். வரும் கமிஷனைவிடப் பல மடங்கு பிரீமியமாக வெளியே போகும்.

ஆபீஸ் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். மூவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள்; முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் பணம் கிடைக்காது, ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டிவரும். பகுதிநேரத்தில் வரும் கமிஷன் இந்தப் பிரீமியத்துக்கே போகட்டும். பிஎஃப் பணத்தில் கை வைக்காதீர்கள். ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி விழும்.

வரியைப் பொறுத்தவரை, ஆண்டுக் கமிஷன் 20,000ஐத் தாண்டினால் 2% டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் அதுவே 20%. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்பதால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்ப வரும். வரி இல்லை என்று தாக்கல் செய்யாமல் விட்டால், பிற்பாடு வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கியில் காட்ட ஒன்றும் இருக்காது. கமிஷன் வருமானத்துக்கு, சிறு வியாபாரிகளைப் போல வரவில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போகும் வசதி கிடையாது. பெட்ரோல் பில், போன் பில் எல்லாவற்றையும் மாத வாரியாகக் கவரில் போட்டுவையுங்கள்.