அலுமினியமா, இரும்பா? பழைய லோடு வண்டி வாங்குவோர் கேள்வி-பதில்

போன முறை பழைய வண்டிகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப் என்கிற சின்ன லோடு வண்டிகளைப் பற்றித்தான். இடமில்லாததால் சுருக்கியிருக்கிறேன். மாமனார், மைத்துனர் கதைகளை வெட்டியதற்கு மன்னிக்கவும்.

மீன் ஏற்ற இரண்டு பழைய அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் இரும்பு பாடி, மற்றதில் அலுமினியத் தகடு அடித்த பாடி. அலுமினிய வண்டிக்கு 45,000 ரூபாய் கூடுதல். "துருவே பிடிக்காது அண்ணே" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– மீன் வியாபாரி, நாகப்பட்டினம்

துரு பிடிக்காது என்பது சரிதான், துரு இரும்புக்குத்தான் வரும். ஆனால் அரிக்காது என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து ரிவிட் அடிக்கிறார்கள். நடுவில் உப்புத் தண்ணீர் தங்கினால் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைந்து போவது அலுமினியம்தான். ரிவிட்டைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்கள். நகத்தால் சுரண்டினால் உதிரும், அடியில் குழி தெரியும். விவரம் தெரிந்த பட்டறைக்காரர் கட்டிய பாடி என்றால் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ரப்பர் வைத்திருப்பார்.

மீனுக்கு என் ஓட்டு அலுமினியத்துக்கே. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே குனிந்து பாருங்கள். தண்ணீர் குழாய் வழியாக வெளியே விழுந்தால் நல்லது. வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டமான சேஸ் மேல் சொட்டினால், இத்தனை வருடமும் ஐஸ் தண்ணீர் அங்கேதான் சொட்டியிருக்கிறது. பாடி தங்கத்தில் இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். 1948-ல் வந்த லேண்ட் ரோவருக்கு, போருக்குப் பின் இரும்புத் தட்டுப்பாடு என்பதால் அலுமினியத்தில் பாடி போட்டார்கள். அந்தப் பழைய வண்டிகளில் மேல் தகடு இன்றும் கெட்டியாக இருக்கும். கீழே இருக்கிற இரும்புச் சேஸைத்தான் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சிமெண்ட், கம்பி, ஜல்லி ஏற்ற அலுமினிய பாடி வண்டி சரிவருமா?
– கட்டுமானப் பொருள் கடை, பெருந்துறை

வராது. கம்பி முனை அதைக் கீறிவிடும், ஜல்லி பள்ளம் போடும். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தைத் தின்னும். இரும்பு பாடியே வாங்குங்கள். நசுங்கினால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் அரை நாளில் சரியாகிவிடும். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும்.

வாங்கப்போகும் பழைய வண்டியின் இரும்பு பாடியைக் கழற்றிவிட்டு அலுமினியம் போட்டால் மைலேஜ் எவ்வளவு கூடும்?
– காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

மைலேஜை மறந்துவிடுங்கள், எடைக் கணக்குப் போடுவோம். 8 அடிக்கு 5 அடி தரை. 3 மி.மீ. இரும்புத் தகடு என்றால் கிட்டத்தட்ட 87 கிலோ. அலுமினியம் வளைந்து கொடுக்கும் என்பதால் 4 மி.மீ. போட வேண்டும், அது 40 கிலோ. தரையில் மட்டும் 47 கிலோ மிச்சம். ஒரு நடைக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை வெங்காயம் கூடுதலாக ஏற்றலாம். வருடத்தில் எத்தனை நடை போகிறீர்கள், எத்தனை நடை முழு லோடு என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். பாதி நடை அரை லோடில் போகிறவர் என்றால் கூலி கொடுத்துக் கழற்றுவதே வீண். கழற்றுவது என்று முடிவு செய்தால், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் வெற்று எடையையும் மாற்றிவிடுங்கள். பழைய எடையே இருந்தால் நீங்கள் மிச்சப்படுத்திய மூட்டை செக்போஸ்ட் கணக்கில் வராது.

கர்நாடகாவில் ஹூப்பள்ளியில் இருக்கும் ஒரு பொலேரோ பிக்கப்பை போனில் போட்டோ பார்த்துப் பிடித்துவிட்டது. 25,000 டோக்கன் முன்பணம் அனுப்பிவிட்டேன். இப்போது என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்றுக்குத் தனியாக 15,000 கேட்கிறார். வண்டி நல்ல வண்டியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஓசூர்

தம்பி, டோக்கன் அனுப்புவதற்கு முந்தின நாள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் மறுநாள் காலை ஹூப்பள்ளி. 25,000 ரூபாய்க்கு முன்னால் அந்த டிக்கெட் காசு பெரிதா? போட்டோ பார்த்து வாங்குவதைப் பற்றிப் பேச எனக்கும் யோக்கியதை இல்லைதான். போட்டோ பார்த்து ஒரு மிக்சி வாங்கி, ஜாருக்கு மூடி பொருந்தாமல் பரணில் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் மிக்சியோடு போனது 1,900 ரூபாய். இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வண்டி நம்பரை அரசின் பரிவாகன் செயலியில் போட்டு, உரிமையாளர், கடன், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று விவரங்களைப் பாருங்கள். என்.ஓ.சி. அங்கிருக்கிற ஆர்.டி.ஓ. கொடுக்கிறது. உரிமையாளரை அங்கே நிற்க வைத்து, நீங்களும் நேரில் நின்று வாங்குங்கள். வரச் சம்மதிக்கவில்லை என்றால் 25,000 போனது போகட்டும்.

பார்த்த வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கருப்பு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?
– டெம்போ ஓட்டுநர், சேலம்

இந்தக் கடிதத்துக்காகத்தான் பல வருடமாகக் காத்திருக்கிறேன்.

2013-ல் மைத்துனரோடு சேர்ந்து தண்ணீர் கேன் போட ஒரு பழைய குட்டி யானை வாங்கினேன். 1,35,000 ரூபாய். விற்றவர் பெயர் வேண்டாம். பாடியில் ஒரு கீறல் இல்லை, சீட்டுக்குப் புது உறை. ஊதுவத்தி வேறு. கீழே எட்டிப் பார்த்தால் புது பெயிண்ட் பளபளத்தது. "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கார் பாருங்க மாமா" என்றான் மைத்துனன். நானும் தலையாட்டினேன்.

பதினோராம் நாள், ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம். மெக்கானிக் கீழே படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேஸை ஒரு குத்து குத்தினார். அப்பளத்தில் குத்தியது போல உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது கருப்பு பெயிண்டோடு காய்ந்த சருகு மாதிரி துரு ஏடுகள் என் உள்ளங்கையில் விழுந்தன. ஸ்பிரிங்கான கமான் பட்டை மாட்டுகிற இடத்தில் வெறும் பெயிண்டும், ஓட்டை அடைக்கிற பட்டிப் பசையும்தான் இரும்பு வேஷம் போட்டுக்கொண்டிருந்தன. வெல்டிங், தகடு, கூலி என்று 38,000 ரூபாய் ஆனது. அடுத்த எஃப்.சி.யில் அதுவும் தேறவில்லை.

பத்து வருடம் லோடு அடித்த வண்டியின் அடியில் சேறு, கிரீஸ், மண் இருக்க வேண்டும். அதுதான் இயல்பு. விற்கிற வாரத்தில் கழுவிக் கருப்படிப்பவர் எதையோ மறைக்கிறார், இல்லையென்றால் மறைக்கிறார் என்று வாங்குபவர் சந்தேகப்படுவார் என்பதே தெரியாதவர். இரண்டு பேரிடமும் நான் வாங்க மாட்டேன். ஒரு சாக்கை விரித்துக் கீழே படுங்கள். பட்டை மாட்டுமிடம், குறுக்குச் சட்டங்கள், பின் சக்கரத்துக்கு மேலே சேஸ் வளைகிற இடம், இந்த மூன்றிலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்தது மொத்தென்று விழும். "பெயிண்ட் போயிடும் சார்" என்று தடுத்தால் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள். சேஸ் நம்பர் பொறித்த இடத்திலும் பெயிண்ட் தடிப்பாக இருந்தால் இன்னும் வேகமாக நடங்கள்.

பட்டி பார்த்த இடத்தைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, அலுமினிய பாடியிலும் முடியுமா?
– வாசகர், மதுரை

முடியாது. அலுமினியத்தில் காந்தம் எங்குமே ஒட்டாது. இரும்பில் மட்டும் பாருங்கள், துணி சுற்றி வையுங்கள்.

இங்கே குளிர்காலத்தில் பனி உருகச் சாலையெல்லாம் உப்புத் தூவுகிறார்கள். 2016 ஃபோர்டு எஃப்-150 ஒன்றும், அதே வருட செவர்லே சில்வராடோ ஒன்றும் பார்த்திருக்கிறேன். ஃபோர்டு அலுமினியம் என்பதால் அதையே வாங்கச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– கூரை வேலை ஒப்பந்ததாரர், ஸ்கார்பரோ, கனடா

நல்ல காரணம்தான், ஆனால் பாதிக் காரணம். எஃப்-150 அலுமினிய பாடிக்கு மாறியது 2015 மாடலில். 700 பவுண்டு வரை எடை குறைந்ததாக ஃபோர்டு சொன்னது. ஆனால் பாடியைத் தாங்குகிற சட்டம் அப்போதும் இரும்பு, இப்போதும் இரும்பு. உப்பு முதலில் போய் உட்காருவது அங்கேதான். டொயோட்டாவின் டகோமா பிக்கப்பில் சட்டம் துருப்பிடித்த வழக்கை முடித்துக்கொள்ள அந்த நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் 340 கோடி டாலர் வரை செலவழிக்க ஒப்புக்கொண்டது. அதனால் இரண்டு வண்டியையும் பட்டறையில் வண்டி தூக்குகிற ஹாயிஸ்டில் ஏற்றிப் பாருங்கள். எதன் சட்டம் நன்றாக இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டி.

ஃபோர்டில் போனட் விளிம்பிலும் கதவின் அடி மடிப்பிலும் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறதா பாருங்கள். அலுமினியத்தின் நோய் அங்கே தெரியும். செவர்லே 2016-ல் ஒரு விளம்பரம் எடுத்தது. இரண்டு வண்டியின் பெட்டியிலும் கான்கிரீட் கற்களை மேலிருந்து கொட்டினார்கள். ஃபோர்டில் ஓட்டை, தங்களுடையதில் பள்ளம் மட்டும். போட்டிக்காரர் எடுத்த படம் என்பதை மறக்காமல், அதில் இருக்கிற உண்மையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரை ஓட்டுக் கட்டுகளை மேலிருந்து வீசுகிற ஆள் என்றால் ஃபோர்டு பெட்டிக்குத் உள்ளே தடித்த லைனர் விரிப்பு போட்டே ஆக வேண்டும். நசுங்கினால் எடுக்கத் தனிக் கருவிகள் உள்ள பட்டறை வேண்டும், செலவும் கூடும். தனியாளிடம் வாங்குவதானால் ஒண்டாரியோவில் அவர் யூ.வி.ஐ.பி. என்கிற பழைய வண்டி விவரக் கட்டு தர வேண்டும். அதில் கடன் பாக்கி இருக்கிறதா என்பது தெரியும்.

டிபன் வியாபாரத்துக்காகப் பழைய வண்டிக் கடையில் 2,60,000 ரூபாய்க்கு ஒரு டாடா ஏஸ் வாங்கினேன். நகையை விற்ற பணம். ஆர்.சி. நகலைத்தான் கொடுத்தார்கள், "அசல் பத்து நாளில் வரும்" என்றார்கள். நாலாம் மாதம் ஃபைனான்ஸ் ஆட்கள் வந்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய உரிமையாளரின் கடன் பாக்கியாம். கடைக்காரர் "எனக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்.
– வாசகி, விருதுநகர்

அம்மா, அசலைப் பார்க்காமல் வாங்கினீர்களே என்று உங்களைத் திட்டப் பலர் வரிசையில் நிற்பார்கள். நான் அதில் இல்லை. கடன் இருப்பது தெரிந்தே விற்ற கடைக்காரர்தான் குற்றவாளி.

முதல் வேலை, ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு இன்றே பதிவுத் தபால். வண்டியை நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதையும், தகராறு நடப்பதையும் எழுதி, ஏலம் விட வேண்டாம் என்று கேளுங்கள். கடன் பாக்கிக் கணக்கும் கேளுங்கள். ஆள் வைத்து வண்டியைப் பறிக்கும் முறையை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று மறப்பதற்குள் எழுதி வையுங்கள். இரண்டாவது, கடைக்காரர் மேல் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூன்றாவது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். "வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று கடைக்காரர் தரப்பு சொல்லும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்குபவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். பணம் கொடுத்த பேங்க் பதிவு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுங்கள். போனை மட்டும் நம்பாதீர்கள்.

இரண்டு வருடம் முன் என் பிக்கப்பை விற்றேன். வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை, போனும் எடுப்பதில்லை. எனக்கு என்ன வரும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

அந்த வண்டி யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் விற்றதைத் தெரிவிக்கிற 29-ஆம் எண் படிவத்தை நீங்களே ஆர்.டி.ஓ.வில் கொடுத்திருக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்தீர்கள், அப்படித்தானே? விற்பனைக் கடிதம், வாங்கியவரின் அடையாள நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரில் போய், எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அதற்கு முன்னால், வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று இன்று இரவே செயலியில் பாருங்கள். முடிந்திருந்தால் மூன்றாம் நபர் பாலிசியை உங்கள் காசில் எடுங்கள். விற்ற வண்டிக்குப் பிரீமியம் கட்டுவது கசக்கும். கட்டிவிடுங்கள்.