'தி இன்டச்சபிள்ஸ்' உண்மைக் கதையா? படம் எப்படி உருவானது?

ஆமாம், உண்மைக் கதைதான். பிலிப் போட்சோ டி போர்கோ என்ற பிரெஞ்சு செல்வந்தர் 1993-இல் பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரைக் கவனித்துக்கொண்டவர் அல்ஜீரியாவில் பிறந்த அப்தெல் செலூ. படத்தில் அந்தப் பாத்திரம் டிரிஸ் என்ற செனகல்காரராக மாறியது, அதில் நடித்த ஒமர் சீக்காக.

இவர்களைப் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இயக்குநர்கள் ஒலிவியே நகாஷும் எரிக் தொலெதானோவும் பிலிப்பைத் தேடிப் போனார்கள். படம் நகைச்சுவையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அந்த முடிவுதான் படத்தைக் காப்பாற்றியது என்பேன். உணர்ச்சி இல்லாத காலில் டிரிஸ் சுடுநீரை ஊற்றிப் பார்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பரிதாபத்தோடு எடுத்திருந்தால் தாங்க முடியாது; இங்கே பிலிப் அசையாமல் உட்கார்ந்திருக்க, நமக்குச் சிரிப்பு வருகிறது. பிலிப்பாக வரும் பிரான்சுவா குளுசே முழுப் படத்தையும் முகத்தால் மட்டுமே நடித்திருக்கிறார். அது லேசுப்பட்ட வேலை இல்லை.

2011-இல் வெளியான இப்படத்துக்குப் பிரான்சில் மட்டும் 1.9 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. ஒமர் சீக்குச் சிறந்த நடிகருக்கான சேசர் விருது (பிரான்சின் தேசியத் திரைப்பட விருது) கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பின நடிகர் அவர்தான். அப்புறம், நாகார்ஜுனாவும் கார்த்தியும் நடித்த 'தோழா' (2016) இதன் மறுஆக்கம்தான். அதைப் பார்த்தவர்கள் மூலத்தையும் கட்டாயம் பார்க்கலாம்.