பிரைமர் அடித்த கார்க் கதவை, வண்ணம் பூசுவதற்கு முன் எப்படித் தேய்க்க வேண்டும்?

டிங்கரிங் முடித்து பிரைமர் அடித்த கதவை எந்த உப்புத்தாளால், எவ்வளவு தேய்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பிரைமர் முழுமையாக இறுகிய பிறகே தேய்க்கத் தொடங்குங்கள். அரைகுறையாகக் காய்ந்த பிரைமர் தாளில் அடைத்துக்கொள்வதோடு, பின்னாளில் சுருங்கி, அடியிலுள்ள கீறல்களைப் பளபளப்பான பூச்சின் மேலும் தெரியவைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்ப்பதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

பலரும் தவிர்த்துவிடும் ஒரு படியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பிரைமரின் மேல் கறுப்பு நிறத்தை மிக மெல்லிய தூவலாக அடித்து (இதைத்தான் கைடு கோட் என்கிறார்கள்), ரப்பர் கட்டையில் சுற்றிய 600 எண் வாட்டர் பேப்பரால், சோப்பு கலந்த நீரில் நனைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால், கறுப்பு எஞ்சி நிற்கும் இடமெல்லாம் பள்ளம் என்பது கண்ணுக்குத் தெரியும். வெறும் விரல்களால் அழுத்தினால் விரல் வாகில் புதிய பள்ளங்களே விழும்.

மெட்டாலிக் வண்ணத்துக்கு 800 அல்லது 1000 எண் தாளால் முடிப்பது நல்லது. அதைவிடச் சொரசொரப்பான கீறல்கள் வெளித்தெரியக்கூடும். விளிம்புகளில் கை லேசாக இருக்கட்டும். அங்கே தகடு வெளிப்பட்டால், அந்த இடத்துக்கு மீண்டும் பிரைமர் அடிக்காமல் வண்ணம் பூசாதீர்கள். பிரைமருக்கு அடியில் பள்ளங்களை நிரப்பப் பூசிய பட்டி வெளிப்பட்டால் நீரை நிறுத்திவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சி, பிறகு கொப்புளமாக எழும்பும்.