மின்கம்பிப் பருந்து: படம் ஏன் கருப்பாக விழுகிறது?

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் வயல், குறுக்கே மின்கம்பி, அதில் தினமும் சிவந்த கண்ணுடைய வெள்ளைப் பறவை. கிட்டப் போனால் பறந்துவிடுகிறது, எடுத்த படமெல்லாம் கருநிழல் என்று எழுதியிருந்தீர்கள். தோளில் கருப்புத் திட்டு இருந்தால் அது கருந்தோள் பருந்துதான். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, எலியைக் கண்டதும் இறங்கும்.

கேமராவை மாற்ற வேண்டியதில்லை. பின்னணி வானம் பளிச்சென்று இருப்பதால் கேமரா மொத்த ஒளியையும் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வைத்துப் பாருங்கள், மேகமூட்டமென்றால் +1.7 வரை போகலாம். காலை வெயில் உங்கள் முதுகில் அடிக்கும்போது மட்டும் 0-க்குத் திரும்புங்கள், இல்லாவிட்டால் வெள்ளை மார்பு வெளிறிவிடும். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி.

பருந்தை நோக்கி நடக்கவே நடக்காதீர்கள். நானும் அப்படி நடந்து, மூன்று மாதம் வால்களை மட்டுமே படம் எடுத்தவன். பிடித்த கம்பிக்கு அது திரும்பத் திரும்ப வரும். ஆகவே விடியுமுன் மோட்டார் கொட்டகை நிழலில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். பிறகு வேலை அதனுடையது, உங்களுடையது கொசுக்கடி.

குச்சி சுமந்து ஒரே மரத்துக்குப் போய்வந்தால் கூடு கட்டுகிறது. அந்த மரத்தடிக்கு இரண்டு மாதம் போக வேண்டாம், கம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வயலில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் விசாரியுங்கள், மருந்து தின்ற எலியைத் தின்றால் பருந்துக்கும் ஆபத்து.