கௌபாய் கார்ட்டூனில் சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

‘பழைய அமெரிக்க நாளிதழ்களில் வந்த கௌபாய் கார்ட்டூன் எதற்கும் சிரிப்பே வரவில்லை, அந்தக் காலத்து ரசனையே அவ்வளவுதானா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வசனத்தை மட்டும் படித்துவிட்டுத் தாண்டியிருப்பீர்கள். லக்கி லூக் மாதிரி கௌபாய் காமிக்ஸ் படித்துப் பழகிய கண் துப்பாக்கியைத் தேடும். ஜே.ஆர். வில்லியம்ஸ் 1922 முதல் வரைந்த ‘அவுட் அவர் வே’ என்ற நாளிதழ் கார்ட்டூனில் சண்டையைவிட வேலைதான் அதிகம். மனிதர் பிறகு அரிசோனாவில் பிரெஸ்காட் பக்கம் மாட்டுப் பண்ணையே வாங்கினவர். தெரிந்ததைத்தான் வரைந்தார்.

முதலில் குதிரையைப் பாருங்கள். குளிர்காலக் காலை. ஒருவன் அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்தில், ஒரு கால் வைத்திருக்கிறான். குதிரையின் காது பின்னால் மடங்கியிருக்கிறது, வால் ஒடுங்கியிருக்கிறது, முதுகு வில்லாக வளைந்து சேணத்தின் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கிறது. வேலியில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் அவனையே பார்க்கிறார்கள். ஜோக் படத்தில் இல்லை, அடுத்த நொடியில் இருக்கிறது. குதிரை துள்ளி அவனை எறியப்போவது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து மாடு பிடிக்க வீசும் சுருக்குக் கயிறு. டெக்ஸாஸ்காரர்கள் கயிற்றின் மறுமுனையைச் சேணக் கொம்பில், அதாவது சேணத்தின் முன்பக்கம் துருத்தி நிற்கும் முளையில், இறுகக் கட்டிவிடுவார்கள். மாடு மரத்துக்கு அந்தப் பக்கமும் குதிரை இந்தப் பக்கமும் ஓடினால் அவிழ்க்க நேரமிருக்காது. கலிஃபோர்னியா வழக்கம் வேறு: மாட்டின் கழுத்தில் சுருக்கு விழுந்தபிறகு கயிற்றைச் சேணக் கொம்பில் இரண்டு சுற்று சுற்றுவார்கள். கட்டைவிரல் இடையில் மாட்டினால் போச்சு. ஒரு கிழவருக்கு மட்டும் கட்டைவிரல் இல்லாமல் வரைந்திருந்தால் அது கவனப்பிழை இல்லை.

குதிரையிலிருந்து இறங்கிச் செய்கிற வேலை எதுவும் இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். உயரக் குதிகால் பூட்ஸ் அங்கவடிக்கானது, நடப்பதற்கல்ல. வேலிக்குக் குழி தோண்டுகிறவனின் உம்மென்ற மூஞ்சிதான் ஜோக். சமையல்காரரிடம் வாய் காட்டுகிறவன் கதியும் அப்படித்தான். சோற்றைக் குறை சொன்னவன் கரண்டி பிடிக்க வேண்டும் என்பது முகாம்களில் சொல்லப்படும் வழக்கம்.

ஏஸ் ரீட் என்ற இன்னொரு கார்ட்டூனிஸ்ட் வரைந்த ஜேக், ஸெப் என்ற இரண்டு கௌபாய்களின் கதை வேறு. 1950களில் டெக்ஸாஸைக் காயப்போட்ட நெடும் வறட்சி தெரியாவிட்டால், எலும்பு துருத்திய மாடும் வங்கிக் கடனும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று புரியாது.

எல்லாமே பிரமாதம் என்று வாதாடவில்லை. தினமும் வரைந்தால் சப்பையும் வரும். செவ்விந்தியர்களை அந்தக் காலத்துக் கார்ட்டூன்கள் காட்டிய விதத்துக்கு வக்காலத்து வாங்கவும் மாட்டேன். ஆனால் ஸ்கேன் செய்து போடுகிறவர்கள்மேல் கோபம் உண்டு. வில்லியம்ஸ் தலைப்பைப் படத்துக்குக் கீழே வைப்பார். பாதி ஜோக் அதில்தான் முடியும். இவர்கள் அந்த வரியை வெட்டிவிட்டு, மேலே ‘மொக்கை’ என்று எழுதிப் பகிர்கிறார்கள். நீங்கள் பார்த்ததில் கீழ்வரி இருந்ததா?